ஏழு வயதுக் கெடு

குழந்தைக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கல் என்று தெரிந்ததும் வீட்டில் இரண்டு குரல்கள் எழும். ஒன்று பாட்டியுடையது: "சின்னப் பிள்ளைதானே, வளர வளர சரியாயிடும்." இன்னொன்று எங்கோ கேள்விப்பட்ட மாமாவுடையது: "ஏழு வயசு தாண்டிட்டா அவ்வளவுதான், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது." முதல் குரலை நம்பிக் காலம் கடத்திய வீடுகள்தான் பிறகு இரண்டாம் குரலை நம்பிக் கைவிடுகின்றன. இரண்டும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பதுதான் என்னை விடாமல் உறுத்துகிறது. இரண்டுமே வயதை ஒரு சக்தியாக நினைக்கின்றன. முதல் குரலுக்கு அது மருந்து, இரண்டாம் குரலுக்கு அது எமன். மூளைக்கு நாள்காட்டி தெரியாது. பிடரிக்கு மேலே, தலையின் பின்பக்கத்தில் இருக்கும் பார்வைப் புறணியில் சில ரசாயனங்கள் கூடுகின்றன, சில குறைகின்றன, சில இடம் மாறுகின்றன. கெடு வைப்பது அவைதான். அவற்றின் போக்கு தெரிந்தால் எங்கே ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது, எங்கே பதினான்கு வயதிலும் முயன்று பார்க்கலாம் என்று தெளிவாகப் பிடிபடும்.

நோயின் பெயரே பாதிப் பிழை. "சோம்பேறிக் கண்" என்கிறோம். கண் சோம்பவே இல்லை. பெரும்பாலும் விழித்திரையில் குறை எதுவும் தென்படாது. சரியான கண்ணாடி போட்டு, படம் துல்லியமாக விழித்திரையில் விழுந்தாலும் குழந்தையால் அந்தக் கண்ணால் எழுத்தைப் படிக்க முடிவதில்லை. கண் அனுப்பும் சேதியை வாங்கிக்கொள்ளப் புறணியில் ஆளில்லை. இந்த நிலை மூன்று வழிகளில் வரும். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருந்திருக்கும். அல்லது மாறுகண்ணால் இரண்டும் வெவ்வேறு திசையைப் பார்த்திருக்கும். அல்லது பிறவிக் கண்புரையோ தொங்கிய இமையோ ஒளியின் பாதையை மறைத்திருக்கும். இவற்றில் மூன்றாவதுதான் மிகக் கொடியது.

வெளிச்சத்துக்கு முன்

ஒளி வந்த பிறகுதான் பார்வை மண்டலம் வேலையைத் தொடங்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கண் திறப்பதற்கு முன்பே விழித்திரை தானாகத் துடிக்கிறது. 1988ல் இத்தாலியில் லூச்சியா கல்லியும் லம்பெர்ட்டோ மாஃபெயும் இன்னும் பிறக்காத எலிக்கருவின் விழித்திரையில் இந்தத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். 1991ல் அமெரிக்காவில் மைஸ்டர், வாங், பேலர், ஷாட்ஸ் என்ற நால்வர், அது குளத்தில் கல்லெறிந்தாற்போல் அலையாகப் பரவி அடங்குவதைக் காட்டினார்கள். ஓர் அலை அடங்கிச் சற்று நேரம் கழித்து வேறோர் இடத்தில் அடுத்தது எழும். அண்டை நரம்பணுக்கள் சேர்ந்து துடிப்பதால் "நாம் அக்கம்பக்கத்தவர்" என்ற சேதி மூளைக்குப் போகிறது. வலக்கண் அலையும் இடக்கண் அலையும் ஒரே நேரத்தில் எழுவதில்லை என்பதால் இரண்டு கண்களின் இழைகளும் மூளையில் தனித்தனிப் படுக்கைகளாகப் பிரிகின்றன.

அந்த அலையை ஓட்டும் ரசாயனம் நாளுக்கு நாள் மாறுகிறது. சுண்டெலியில், பிறப்பதற்கு முன் அணுக்களுக்கிடையே உள்ள நேரடி மின்துளைகளே அதை ஓட்டுகின்றன. பிறந்து ஏறக்குறைய 10 நாள் வரை அசிட்டைல்கோலின் பொறுப்பேற்கிறது. அதன்பின், கண் திறக்கும் 14ஆம் நாள் வரை குளூட்டமேட். அசிட்டைல்கோலினை வாங்கும் ஏற்பியின் ஒரு பகுதியை மரபணு வழியாக நீக்கிவிட்டால் நடுக்கட்ட அலைகள் குலைந்து, இரண்டு கண்களின் இழைகளும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பிற்பாடு எவ்வளவு நல்ல வெளிச்சம் வந்தாலும் அந்த ஆரம்பக் குழப்பம் முழுதாகத் தீர்வதில்லை.

இதே காலத்தில்தான் காபாவின் விந்தையும் நடக்கிறது. வளர்ந்த மூளையில் நரம்பணுக்களை அடக்கும் முதன்மையான ரசாயனம் காபா. பச்சிளம் மூளையில் அதே காபா நரம்பணுவைத் தூண்டிவிடுகிறது. காரணம் எளிது. காபா ஏற்பி திறப்பது குளோரைடு போகும் கதவை. இளம் நரம்பணுவுக்குள் என்கேசிசி1 என்ற பம்பு குளோரைடை இறைத்து நிரப்பி வைத்திருக்கும். கதவு திறந்ததும் அது வெளியே பாயும், அணு கிளர்ச்சி அடையும். வளர வளர கேசிசி2 என்ற இன்னொரு பம்பு கூடி, குளோரைடை வெளியேற்றிவிடும். இப்போது கதவு திறந்தால் குளோரைடு உள்ளே வரும், அணு அடங்கும். சாவியும் கதவும் அதேதான், ஆனால் வெள்ளம் எதிர்த்திசையில் போகிறது. பெரியவர்களுக்கு வலிப்பை நிறுத்தும் பீனோபார்பிட்டால் பச்சிளம் குழந்தைகளுக்குப் பல சமயம் சரியாக வேலை செய்யாததற்கு இதையும் ஒரு காரணமாகக் கருதுகிறார்கள். அந்த முதல் பம்பை அடைக்கும் புமெட்டனைடைப் பச்சிளம் குழந்தைகளின் வலிப்புக்குக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பியச் சோதனை, காது கேளாமை தென்பட்டதால் பாதியில் நிறுத்தப்பட்டது. பம்பு மூளையில் மட்டுமா இருக்கிறது, காதிலும் இருக்கிறதே. பிள்ளையின் மூளை ரசாயனத்தில் மருந்தால் கை வைக்கலாம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சோதனைதான்.

தைத்த இமை

நரம்பியலாளர்கள் ஹூபெல், வீசல் இருவரின் பூனைக்குட்டிச் சோதனையைப் பாடப்புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். 1981ல் நோபல் வாங்கித் தந்த வேலை. நமக்கு வேண்டியது அதன் அளவுகள் மட்டும். நான்காவது வாரம் தொடங்கி எட்டாவது வாரத்துக்குள் ஒரு கண்ணின் இமையை 3, 4 நாள் தைத்து வைத்தாலே போதும், புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் அணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடும். சுமார் மூன்று மாதம் கடந்தால் இந்தப் பாதிப்பு மங்கிவிடுகிறது. வளர்ந்த பூனையின் கண்ணை ஓராண்டு மூடி வைத்தாலும் ஒன்றும் ஆவதில்லை. சுண்டெலியில் இதன் உச்சம் ஏறக்குறைய 28ஆம் நாள். புறணி இப்படி வளைந்துகொடுக்கும் காலத்தை ஆங்கிலத்தில் கிரிட்டிக்கல் பீரியட் என்கிறார்கள். பக்குவக் காலம் என்றே சொல்கிறேன். பக்குவம் என்பதில் தவறினால் கெடும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது.

இந்தச் சோதனையிலிருந்து முப்பத்தைந்து ஆண்டுகள் எல்லோரும் எடுத்துக்கொண்ட படம் இதுதான்: குட்டி மூளை ஈரக் களிமண், எப்படியும் வளையும், வயதானால் காய்ந்து இறுகும். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. பாட்டியும் மாமாவும் நம்புவதும் இந்தக் களிமண் கதையைத்தான். அதில் ஓர் ஓட்டை இருந்தது. பூனைக்குட்டி கண் திறந்தது பிறந்து பத்து நாளுக்குள். பக்குவக் காலம் உச்சம் தொட்டது பிறந்து நான்கு வாரம் கழித்து. களிமண் என்றால் முதல் நாளில்தானே அதிகம் ஈரமாக இருக்க வேண்டும்? இடையில் இரண்டு, மூன்று வாரம் மூளை எதற்காகக் காத்திருந்தது?

அடக்கம் வந்த பிறகே திறப்பு

இதற்கான விடை 1998ல் வந்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு சோதனையை மட்டும் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

மூளை காபாவைச் செய்வது குளூட்டமேட்டிலிருந்து. தூண்டிவிடும் ரசாயனத்தின் மூலக்கூறிலிருந்து ஒரு கரியமில வாயுத் துண்டைக் கழற்றினால் அடக்கும் ரசாயனம் கிடைத்துவிடும். கழற்றும் நொதிக்கு ஜிஏடி என்று பெயர். வேலை செய்ய அதற்கு வைட்டமின் பி6 துணை வேண்டும். ஜிஏடியில் இரண்டு வகை. ஜிஏடி-67 அணு முழுக்கப் பரவியிருந்து அன்றாடத் தேவைக்கான காபாவைச் செய்கிறது. அது இல்லாத சுண்டெலிகள் பிறந்ததும் இறந்துவிடும். ஜிஏடி-65 நரம்பு முனையில் உட்கார்ந்துகொண்டு, அணு வேகமாகத் துடிக்கும் நேரத்தில் கூடுதல் காபாவைச் செய்து தருகிறது. அது இல்லாமலும் சுண்டெலி பிழைத்து வளரும், பார்க்கும். ஆனால் அதன் புறணியில் அடக்கும் சக்தி கொஞ்சம் குறைவு.

தகாவோ ஹென்ஷும் கூட்டாளிகளும் ஜிஏடி-65 இல்லாத சுண்டெலிக் குட்டிகளின் ஒரு கண்ணை, பக்குவக் காலத்தின் உச்சத்தில், நான்கு நாள் மூடினார்கள். களிமண் கதைப்படி அடக்கம் குறைந்த மூளை கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். புறணி அசையவே இல்லை. கண் மூடியதையே அது பொருட்படுத்தவில்லை. பிறகு அதே குட்டிகளின் மூளைக்குள் டயசெபாம் செலுத்தினார்கள். நம் ஊரில் வாலியம், காம்போஸ் என்ற பெயர்களில் தெரிந்த தூக்க மாத்திரையின் சரக்குதான் அது. காபா ஏற்பியின் வேலையைக் கூட்டிவிடும். உடனே புறணி வழக்கம்போல் வளைந்து, மூடிய கண்ணைக் கைவிட்டது. 2000ல் மிக்கேலா ஃபாஜோலினியும் ஹென்ஷும் இன்னும் ஒரு படி போனார்கள். ஜிஏடி-65 இல்லாத சுண்டெலி எந்த வயதை அடைந்திருந்தாலும், டயசெபாம் கொடுத்த பிறகுதான் அதன் பக்குவக் காலம் தொடங்கியது. முழு வளர்ச்சி அடைந்த சுண்டெலியிலும் தொடங்கியது. தொடங்கி, தன் போக்கில் ஓடி, முடிந்தும் போனது. சாதாரணக் குட்டிக்குக் கண் திறந்த கையோடு டயசெபாம் கொடுத்தால் பக்குவக் காலம் முன்கூட்டியே தொடங்கிவிட்டது.

வயதுக்கும் பக்குவத்துக்கும் உள்ள முடிச்சை இந்தச் சோதனை அவிழ்த்துவிட்டது. முழு வளர்ச்சி அடைந்த சுண்டெலியின் பக்குவக் காலம் தொடங்காமலே காத்திருக்க முடிகிறது, கண் திறந்த குட்டியின் பக்குவக் காலம் அவசரமாக வந்துவிடவும் முடிகிறது என்றால் வயது வெறும் சாட்சி. காரணகர்த்தா அடக்கம். அதிலும் எல்லா அடக்கமும் இல்லை. பார்வால்புமின் என்ற புரதத்தைத் தாங்கிய, மிக வேகமாகத் துடிக்கும் கூடை அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. அவை மற்ற நரம்பணுக்களின் உடலையே சுற்றி வளைத்துக் கூடை பின்னினாற்போல் இணைப்பு வைக்கும். ஆல்ஃபா-1 என்ற துணுக்கு கொண்ட காபா ஏற்பிகள் வழியாகத்தான் பக்குவம் தொடங்குகிறது என்று 2004ல் தெரியவந்தது. கூடை அணுக்களின் இணைப்புகளில் அந்த வகை ஏற்பிகளே மிகுதி.

அடக்கம் ஏன் திறப்பாக வேண்டும்? எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. இளம் புறணி தனக்குள்ளேயே ஓயாமல் இரைந்துகொண்டிருக்கிறது. சந்தை இரைச்சலில் வலக்கண் பேசுகிறதா இடக்கண் பேசுகிறதா என்று யாருக்குக் கேட்கும்? கூடை அணுக்கள் முற்றியதும் உள்ளிரைச்சல் தணிகிறது, கண்ணிலிருந்து வரும் சேதி தனித்துக் கேட்கிறது. ஒரு கண் தெளிவாகப் பேசுகிறது, மற்றது முணுமுணுக்கிறது என்ற வித்தியாசம் அப்போதுதான் புறணிக்கு எட்டும். ஒப்பிட்டுப் பார்க்க முடிந்த பிறகுதானே ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும்? இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். டயசெபாம் கண்ணுக்கு மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சுண்டெலி மூளையில் ஒரு கேள்விக்கு விடை காணச் செலுத்தியது. குழந்தைக்குக் கொடுத்தால் மூச்சை அடக்கக்கூடிய சரக்கு.

மங்கல் ஏன் இருட்டைவிடக் கொடியது

பக்குவக் காலம் தொடங்கிவிட்டது. அதற்குள் நடப்பது என்ன? என்எம்டிஏ என்ற குளூட்டமேட் ஏற்பியின் வாயை மெக்னீசியம் அடைத்திருக்கும். குளூட்டமேட் வந்தால் மட்டும் போதாது. அதே சமயம் வாங்கும் அணுவும் ஏற்கெனவே கிளர்ந்திருந்தால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் உள்ளே பாயும். "நீ சொன்னபோதே நானும் சொன்னேன்" என்ற ஒத்துப்போதலை அளக்கும் கருவி இது. கால்சியம் வெள்ளமாக வந்தால் அந்த இணைப்பு பலப்படும். சொட்டுச் சொட்டாக வந்தால் இணைப்பின் மேற்பரப்பிலிருந்து இன்னொரு வகைக் குளூட்டமேட் ஏற்பிகள் உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டு இணைப்பு நலியும்.

மங்கலான கண்ணின் கதியை இதிலிருந்து ஊகிக்கலாம். அது சும்மா இருப்பதில்லை. பொருளற்ற, கோவையற்ற துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நல்ல கண்ணால் இயங்கும் புறணி அணுவோடு அவை ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு பொருந்தாத் துடிப்பும் கால்சியத்தைச் சொட்டவிட்டு அதன் இணைப்பையே தேய்க்கிறது. மார்க் பேர் குழுவினர் 1999ல் இதை நேராகச் சோதித்தார்கள். சில பூனைக்குட்டிகளுக்கு ஒரு கண்ணின் இமையைத் தைத்தார்கள். வேறு சிலவற்றுக்குப் பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினைக் கண்ணுக்குள் செலுத்தி விழித்திரையையே ஊமையாக்கினார்கள். இமை தைத்த கண்தான் அதிகம் இழந்தது. முற்றிலும் மௌனமான கண்ணைவிட, உளறும் கண்ணையே புறணி விரைவில் தள்ளிவைக்கிறது. சோம்பலுக்குத் தண்டனை என்ற கதை இங்கே தலைகீழாகிறது: அந்தக் கண் ஓயாமல் உழைத்ததால்தான் தோற்றது.

இந்த என்எம்டிஏ ஏற்பியும் வளர வளர மாறுகிறது. தொடக்கத்தில் அதில் 2பி என்ற துணுக்கு மிகுதி. அது மெதுவாக மூடும், கால்சியத்தைத் தாராளமாக விடும், சற்று முன்பின்னாக வந்த சேதிகளையும் "ஒரே நேரம்" என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். பிறகு 2ஏ துணுக்கு கூடும். அது சட்டென்று மூடும், கறாரானது. இந்த மாற்றத்தை நடத்துவது வயதா? இருட்டில் வளர்த்த எலிகளில் 2பி குறையாமல் நீடித்தது. அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் சில மணி நேரத்துக்குள் 2ஏ கூடத் தொடங்கியது. 1999ல் வந்த முடிவு இது. அதே ஆண்டு டொரன்டோவில் டாப்னி மாரர், டெரி லூயிஸ் குழுவினர் மனிதக் குழந்தைகளில் ஒன்றைக் கவனித்தார்கள். பிறவிக் கண்புரை நீக்கி முதன்முதலாகக் கண்ணில் லென்ஸ் வைத்த குழந்தைகளின் பார்வைக் கூர்மையை உடனே அளந்தார்கள். அது பச்சிளம் சிசுவின் அளவில் இருந்தது. ஒரே ஒரு மணி நேரம் பார்த்த பிறகு மறுபடி அளந்தார்கள். கூடியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அந்தக் குழந்தைகளின் மூளையில் எந்தத் துணுக்கு கூடியது என்று பார்க்க வழியில்லை. ஆனால் பார்வைக்காகப் புறணி எவ்வளவு பசியோடு காத்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் அளவீடு ஒன்றை நான் அறியேன்.

ஆகவேதான் பிறவிக் கண்புரையில் வாரக் கணக்கு. ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை என்றால் ஏறக்குறைய 6 வாரத்துக்குள் அறுவை. இரண்டிலும் என்றால் 8 முதல் 10 வாரம் வரை. ஒரு கண்ணுக்கு அவசரம் கூட, ஏனென்றால் அங்கே நல்ல கண் போட்டியில் இறங்கிவிட்டது. அதற்காக முதல் வாரத்திலேயே செய்வதும் நல்லதல்ல. 4 வாரத்துக்கு முன் செய்த கண்களில் பின்னாளில் கண்ணழுத்த நோய் வரும் ஆபத்து கூடுகிறது. இரட்டைப் புரைக் குழந்தைக்கு இரண்டு, மூன்று மாதத்தில் கண்கள் தாமாக ஆடத் தொடங்கினால் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. பிறந்த சில நாளில் மருத்துவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது இரண்டு கண்பாப்பாவிலும் ஒரே மாதிரிச் செம்மை தெரிய வேண்டும். ஒன்றில் வெள்ளையாகவோ கருநிழலாகவோ தெரிந்தால் அடுத்த தடுப்பூசித் தேதி வரை காத்திருக்கக் கூடாது. புகைப்படத்தில் ஒரு கண்பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலும் அப்படியே, அது விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம்.

அறுவை பாதி வேலைதான். லென்ஸ் எடுத்த சிசுவின் கண்ணுக்கு மிக அதிகமான பிளஸ் பவரில் கான்டாக்ட் லென்ஸ் தேவைப்படும். அதிலும் சிசுவின் உலகம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் 2, 3 டயாப்டர் கூட்டியே வைப்பார்கள். ஒற்றைக் கண் புரையில் நல்ல கண்ணை மறைப்பதும் அன்றே தொடங்கும். 114 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் பின்பற்றிய கணக்கு: 8 மாதம் வரை, எத்தனை மாதக் குழந்தையோ அத்தனை மணி நேரம் தினமும். அதன்பின் விழித்திருக்கும் நேரத்தில் பாதி. உள்ளே லென்ஸ் பொருத்திய குழந்தைகளுக்கும் கான்டாக்ட் லென்ஸ் போட்ட குழந்தைகளுக்கும் நாலரை வயதில் பார்வையில் வித்தியாசம் இல்லை; உள்ளே பொருத்தியவர்களுக்கு மறு அறுவைகள்தான் அதிகமாயின. இவ்வளவுக்குப் பிறகும் இரு பிரிவிலும் ஏறக்குறைய பாதிப் பேரின் பார்வை 6/60 அல்லது அதற்கும் கீழே. அதாவது மற்றவர் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில் நின்றுதான் படிக்க முடியும். பெற்றோரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முன்கூட்டியே சொன்னால்தான், பார்வை மெதுவாக ஏறும்போது மனம் தளர்ந்து மறைப்பை நிறுத்திவிட மாட்டார்கள்.

மூடுவதும் ஒரு வேலை

திறப்பதைப் போலவே மூடுவதும் தானாக நிகழ்வதில்லை. கூடை அணுக்களைச் சுற்றிச் சர்க்கரையும் புரதமும் கலந்த ஒரு வலை மெல்ல இறுகுகிறது. 2002ல் இத்தாலியின் பீசாவில் பிட்சோருஸ்ஸோ, மாஃபெய் குழுவினர் வளர்ந்த எலியின் புறணியில் கான்ட்ராய்ட்டினேஸ் என்ற நொதியால் அந்த வலையைக் கரைத்தார்கள்; ஒரு கண்ணை மூடியதும் வளர்ந்த புறணி மறுபடி வளைந்தது. 2010ல் மொரிஷிதாவும் ஹென்ஷும் லின்க்ஸ்1 என்ற இன்னொரு தடையைக் காட்டினார்கள். வயது ஏற ஏறக் கூடும் இந்தப் புரதம் அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பிடித்து மட்டுப்படுத்துகிறது. அது இல்லாத சுண்டெலி வளர்ந்த பிறகும் வளைந்துகொடுக்கிறது. நெகிழ்வு இறப்பதில்லை, கட்டி வைக்கப்படுகிறது. கற்றதைக் காப்பாற்ற மூளை கொடுக்கும் விலை அது. நம் எல்லோருக்கும் நிலையான பார்வை இருப்பதே அந்தக் கட்டுகளால்தான் என்பதால், அவற்றை எதிரியாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

எலிக் கதை மனிதருக்கு எவ்வளவு பொருந்தும்? மனிதப் பார்வைப் புறணியில் இணைப்புகளின் அடர்த்தி 8 மாதத்தில் உச்சம் தொட்டு, 11 வயதுக்குள் ஏறக்குறைய 40 சதம் குறைகிறது என்று 1982ல் ஹட்டன்லாக்கர் குழு எண்ணிச் சொன்னது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கேத்ரின் மர்பி குழுவினர், சிசு முதல் முதியவர் வரை இறந்தவர்களின் புறணித் திசுக்களில் இதே புரதங்களை அளந்தார்கள். 2பியிலிருந்து 2ஏக்கு மாறுவது பள்ளி வயதோடு நிற்கவில்லை. பெரியவரான பிறகும் மெதுவாகத் தொடர்கிறது. இன்னொன்று: சின்னஞ்சிறு வயதில் ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் இடையே அளவுகள் மிகவும் வேறுபட்டன. ஏழு வயது என்று எல்லோருக்கும் ஒரே கோடு போட்டால் அது எங்கே பொருந்தும்?

மருந்தால் கட்டவிழ்க்க ஆசைப்படுவது இயல்பே. 2008ல் பீசாவிலேயே, மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்ஸெட்டினைக் கொடுத்து வளர்ந்த எலியின் பார்வையை மீட்டார்கள். நம்பிக்கையோடு மனிதரில் செய்த சோதனையில், பயிற்சியோடு மாத்திரை எடுத்தவர்கள் வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்களைவிட மேலாக வரவில்லை. பார்வைப் பயிற்சியால் வந்த முன்னேற்றம் இரு பிரிவிலும் இருந்தது. "மூளையைத் திறக்கும் மருந்து" என்று விளம்பரம் வந்தால் இந்த முடிவை நினைவில் வையுங்கள்.

கண்ணாடி, ஸ்டிக்கர், சொட்டு

இன்றுவரை நம்மிடம் உள்ள வலுவான கருவி, புறணிக்குப் போகும் சேதியை மாற்றுவது மட்டுமே. இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் உள்ள குழந்தைக்கு முதல் மருந்து கண்ணாடி. மறைப்பைத் தொடங்கும் முன் கண்ணாடியை மட்டும் முழுநேரமும் 16 முதல் 18 வாரம் போடவிட்டுப் பார்ப்பது நல்லது. அப்படிப் பார்த்த ஓர் ஆய்வில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அதிலேயே சரியாகிவிட்டது. தெளிவான படம் வந்தாலே உளறல் நிற்கிறது. இந்தப் பொறுமைக் காலத்தைத் தாண்டி முதல் நாளே நல்ல கண்ணை மறைக்கும் ஸ்டிக்கரை ஒட்டுவது பிள்ளைக்கு வீண் தொல்லை.

கண்ணாடிக்குப் பின்னும் மிச்சம் இருந்தால் மறைப்பு. 3 முதல் 7 வயதுக்குள், மிதமான குறைக்குத் தினம் 2 மணி நேரமும் 6 மணி நேரமும் நான்கு மாதத்தில் ஒரே பலனைத் தந்தன. கடுமையான குறைக்கு 6 மணி நேரமும் நாள் முழுவதும் மறைப்பதும் ஒன்றே. இது 2003ல் தெரிந்துவிட்டது. இருந்தும் நாள் முழுவதும் கட்டச் சொல்லி, பிள்ளை அழுது, வீடே சலித்து, கடைசியில் ஒரு மணி நேரம்கூட நடக்காமல் போவதுதான் பல வீடுகளில் நடப்பது. பார்வை அட்டையில் ஒரு வரி ஏற ஏறக்குறைய 120 மணி நேர மறைப்பு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தினம் 2 மணி நேரம் என்றால் இரண்டு மாதம். ஸ்டிக்கரைத் தோலில் ஒட்டி அதன்மேல் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடிச் சில்லில் ஒட்டினால் பிள்ளை ஓரமாக எட்டிப் பார்க்கும். அந்த நேரம் கணக்கில் சேராது. மறைத்திருக்கும்போது வண்ணம் தீட்டுவது, மணி கோப்பது, படம் பார்த்துக் கதை படிப்பது போலக் கிட்டத்து வேலை ஏதாவது இருக்கட்டும்.

ஸ்டிக்கருக்குப் படியாத பிள்ளைக்கு 1 சதவீத அட்ரோபின் சொட்டு உண்டு. நல்ல கண்ணில் ஒரு சொட்டு. அசிட்டைல்கோலின் ஏற்பியை அடைத்து, கிட்டப்பொருளுக்காகக் குவியும் தசையைத் தளரவைக்கிறது. அதனால் கிட்டத்தில் நல்ல கண் மங்கி, மற்ற கண்ணுக்கு வேலை வருகிறது. சனி, ஞாயிறு மட்டும் போட்டாலும் தினமும் போட்டதற்கு நிகரான பலன். நல்ல கண்ணுக்குக் கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர் இருந்தால் இந்த வழி சரிப்படாது. கண்ணாடியைக் கழற்றினால் கிட்டத்தில் தெளிவாகவே தெரிந்துவிடும். சீசாவைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் நஞ்சு. முகம் சிவந்து, வாய் உலர்ந்து, காய்ச்சல் அடித்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டு இடங்களில்தான் அதிகம் தவறு நடக்கிறது. முதலாவது, மிகச் சிறிய குழந்தைக்கு அளவு மீறி மறைப்பது. புறணி அதே வேகத்தில் நல்ல கண்ணையும் கைவிடக்கூடும். நாள் முழுவதும் மறைத்தால், வயது ஒன்றுக்கு ஒரு வாரம் என்ற கணக்கில் மறுபரிசோதனை: ஒரு வயதுக் குழந்தையை ஒரு வாரத்தில், மூன்று வயதுக் குழந்தையை மூன்று வாரத்தில். இரண்டாவது, பார்வை ஏறியதும் சட்டென்று நிறுத்துவது. தினம் 6 மணி நேரமும் அதற்கு மேலும் மறைத்துவந்து திடீரென நிறுத்திய குழந்தைகளில் 42 சதத்தினருக்குப் பார்வை மறுபடி இறங்கியது. 2 மணி நேரமாகக் குறைத்துப் பிறகு நிறுத்தியவர்களில் 14 சதத்தினருக்கு மட்டுமே. வலை இன்னும் இறுகாத புறணி, கற்றதை அவ்வளவு எளிதில் விட்டுவிடுகிறது.

இனி அந்த ஏழு வயது. 7 முதல் 17 வயது வரையிலான 507 பிள்ளைகளை வைத்து 2005ல் வந்த அமெரிக்க ஆய்வில், 7 முதல் 12 வயதினரில் மறைப்பும் சொட்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 53 சதத்தினர் இரண்டு வரி அல்லது அதற்கு மேல் முன்னேறினார்கள். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதம். 13 முதல் 17 வயதினரை மொத்தமாக எடுத்தால் வித்தியாசமே இல்லை: மறைத்தவர்களில் 25 சதம், கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 23. ஆனால் அவர்களில் முன்பு ஒருமுறைகூட மறைப்போ சொட்டோ செய்யாத பிள்ளைகளைத் தனியே பிரித்தால், மறைத்தவர்களில் 47 சதம் முன்னேறினார்கள், கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 20. டெல்லியில் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டத்தில், எட்டு வயதுக்கு மேல் முதன்முதலாகக் கண்புரை நீக்கப்பட்ட பிள்ளைகள் சிலருக்கும் வெளிர்-கருமை வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன் மாதக் கணக்கில் ஏறியது. முழுப் பார்வை கிடைக்கவில்லை, ஆனால் ஏறியது. ஆகவே பள்ளிப் பரிசோதனையில் பதினான்கு வயதில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளை என்றால் என் யோசனை: சரியான கண்ணாடி நான்கு மாதம், பிறகு தினம் 2 மணி நேர மறைப்பு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை அளவு எடுத்துத் தேதியோடு குறித்து வைப்பது. அடுத்தடுத்து இரண்டு அளவுகளில் எண் நகராவிட்டால், போட்ட மணி நேரம் உண்மையில் எவ்வளவு என்று பிள்ளையையே தனியாகக் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம்.